‘உறுதியாகவில்லை’ என்ற முடிவு யாருக்கு அதிகம் வருகிறது?

மார்பகப் புற்றுநோய் அபாயத்தை அறியும் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘நோய்க்குக் காரணமா என்பது உறுதியாகாத மாறுபாடு’ என்ற வரியைக் காணும் பெண், அதைத் தம் உடலைப் பற்றிய செய்தியாகவே படிப்பார். உண்மையில் அது பெரும்பாலும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மரபணுத் தரவுத்தளத்தின் போதாமையைப் பற்றிய செய்தி. மருத்துவர்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1 (BRCA1) மரபணு 1994இலும், பி.ஆர்.சி.ஏ.2 அடுத்த ஆண்டிலும் அடையாளம் காணப்பட்டன. இவற்றில் தீங்கான பிறழ்வு உள்ள பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், கண்டறியப்பட்ட மாறுபாடு எந்த வகையைச் சேர்ந்தது என்பது மிக முக்கியமான கேள்வி. அதே மாறுபாடு நோயற்றவர்களிடம் பரவலாகக் காணப்பட்டால் அது தீங்கற்றது என்று முடிவு செய்யலாம். ஆனால், மரபணுத்தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 80 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஒப்பிடுவதற்கான தரவு இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்போது, ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் இயல்பாகக் காணப்படும், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மட்டும் மாறிய மாறுபாடுகூட அபூர்வமானதாகத் தோன்றுகிறது. உறுதியற்ற முடிவும் அவர்களுக்கே அதிகம் வருகிறது.

இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களை ஆராய்ந்தபோதுதான், ஆறாவது குரோமோசோமில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்கு அருகே, அமெரிக்கப் பழங்குடி மூதாதையர் வழியாக வந்த ஒரு மாறுபாடு இருப்பது 2014இல் வெளியானது. அதன் ஒரு பிரதி இருந்தாலே மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

அதற்காக எல்லாவற்றையும் வம்சாவளியின் மீது ஏற்றிவிடவும் கூடாது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறப்பு விகிதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்காத கட்டிவகை அவர்களிடம் அதிகம் என்பது ஒரு காரணம். தாமதமான நோயறிதலும் சிகிச்சையில் நிலவும் ஏற்றத்தாழ்வும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியவை.

உறுதியற்ற முடிவை மட்டும் நம்பி மார்பகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு எந்தப் பெண்ணும் சம்மதிக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதை வைத்தே கண்காணிப்பைத் திட்டமிட வேண்டும். இத்தகைய மாறுபாடுகள் பின்னர் மறுவகைப்படுத்தப்படும்போது பெரும்பாலும் தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரபணு ஆலோசகரிடம் அதே அறிக்கையை மீண்டும் காட்டிக் கேட்பது நல்லது.