நாடா தீரும் வரை

1988இல் சாதாரண நிலை (ஓ லெவல்) பள்ளித் தேர்வுக்குப் படித்தபோது, சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டின் வரவேற்பறையே எனக்குப் படிப்பறையாகவும் இருந்தது. தம்பி பார்க்கும் தொலைக்காட்சி, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாஜோங் கட்டைகள் உருளும் ஓசை, கீழ்த்தளத்தில் பந்தாடும் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் ஒன்றாகக் காதில் விழும் அந்த வீட்டில், பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பதைப் பெரியவர்கள் கண்டித்தாலும், எனக்கு அது மற்ற ஓசைகளை மறைக்கும் திரையாக இருந்தது.

கணக்குப் போடும்போது சினிமாப் பாட்டு ஒருநாளும் இடைஞ்சல் செய்ததில்லை. தமிழும் வரலாறும் அப்படியல்ல. ஒருமுறை கட்டுரைப் பயிற்சியில் மழையை வருணித்த பத்தியின் நடுவே, காதில் ஓடிக்கொண்டிருந்த பாடலின் அரை வரி என்னையறியாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் தமிழாசிரியை அவ்விடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் “இது யார் சொல்?” என்று மட்டும் எழுதியிருந்தார். வகுப்பு முடிந்ததும் அருகில் அழைத்து, “பாட்டுக் கேளப்பா, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீ சொல்லைத் தேடும் நேரத்தில் இன்னொருவர் சொல்லைக் காதுக்குள் விடாதே” என்றார்.

உளவியலாளர்கள் சலாமே, பேட்லி இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, ஆசிரியையின் முகமே நினைவுக்கு வந்தது. எண்களை வரிசையாக நினைவில் வைக்கும் சோதனையில், கருவியிசையைவிடக் குரலோடு கூடிய பாட்டே அதிகம் குறுக்கிட்டதாக அவர்கள் கண்டிருந்தார்கள். படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும் இடத்திலேயே பாட்டின் சொற்களும் வந்து நுழைகின்றன என்பது அதன் விளக்கம். ஆசிரியை அதை எந்த ஆய்வும் படிக்காமலே அறிந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமையே சிராங்கூன் சாலையில் ஒரு கேசட் கடைக்குப் போய், பாட்டு வரியே இல்லாத இசை உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துத் தந்தது இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் எழும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திக் கேட்டுவிட்டு, மீண்டும் புத்தகத்துக்குத் திரும்புவேன். நான்கைந்து நாளில் காதுக்குப் பழகிவிட்டது. பிறகு கை நிற்கவில்லை.

மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும் என்று, நான் இப்போது வாழும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நம்மவர்கள் சிலர் இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு வித்திட்ட, 1993இல் வெளிவந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பயன் தெரிந்ததும் வடிவங்களை மனத்தில் கண்டு தீர்க்கும் கணக்குகளில்தான், அதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. என் கேசட்டும் எனக்கு அறிவை ஊட்டியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் ஓடி முடிந்து ‘டக்’கென்று பொத்தான் மேலெழும் வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்ற கட்டுப்பாட்டை அதுதான் எனக்குத் தந்தது.

அந்த ஓசைக்காக அம்மாவும் சமையலறையிலிருந்து காது கொடுத்திருப்பார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, சூடான மைலோவை மேசையில் வைத்து, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார்.