முந்நூறு டாலர்

நானூறு கேட்டார். முந்நூறு என்றேன். "சரி" என்றார்.

கீரைக்கட்டு வாங்கினால்கூட ஒரு வார்த்தை குறைத்துக் கேட்காமல் காசை நீட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அதனால் அந்த "முந்நூறு" யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அவர் முந்நூற்றைம்பது என்பார், நான் இன்னும் இருபத்தைந்து குறைப்பேன், அப்படித்தானே பேரம்? அவர் அந்த ஆட்டத்துக்கே வரவில்லை. அந்தச் "சரி" வந்த வேகம்தான் இத்தனை வருஷமாக என்னை விடாமல் இருக்கிறது.

2012 நவம்பர், இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி. ப்ரூக்ளினில் ஒரு பாரின் பின்வாசல், விடிகாலை நாலு மணி இருக்கும். நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கொண்டுவந்து என் தள்ளுவண்டி மேல் வைத்தார். எழுபது இசைத்தட்டுகள் இருக்கும், எல்லாம் 12 அங்குலம்.

"இதை வித்துடலாம்னு இருக்கேன். நீ எடுத்துக்கிறியா?"

அப்புறம்தான் நானூறு, முந்நூறு, சரி. நோட்டுகளை எண்ணாமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "என்னைக்காவது கேட்டா திருப்பிக் குடுப்பியா?" என்றார். "விலைக்கு வாங்கினதை எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "அந்த இடது பக்க ஊசியை மட்டும் மாத்திடு, தேஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி அவர் பாட்டுப் போட்டது, ஒரு காலத்தில் நியூயார்க்கில் பெயர்பெற்ற டி.ஜே.வாக இருந்த லாரி லெவனின் நினைவாக. லெவன் செத்து அந்த வியாழக்கிழமையோடு சரியாக இருபது வருஷம், 1992 நவம்பர் 8. அப்போது லெவனுக்கு வயது 38. பெரியவர் (பெயரைச் சொல்ல விருப்பமில்லை, பெரியவர் என்றே இருக்கட்டும்) பத்தொன்பது வயதில் கிங் தெரு 84-ஆம் எண்ணில் இருந்த பாரடைஸ் கராஜ் என்ற நடனக் கிளப்பில் ஆடியவர். பெயர்தான் சொர்க்கம், கட்டடம் பழைய கார் நிறுத்துமிடம். மது கிடையாது, பழச்சாறு மட்டும். ஆடியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பர்கள், லத்தீன்காரர்கள், அதிலும் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்கள். 1977-லிருந்து 87 வரை பத்து வருஷம் அந்த இடம் லெவனின் காது சொன்னபடி இயங்கியது.

நான் ஒலிக்காரன் என்பதால் பெரியவர் என்னிடம் பேசியதெல்லாம் ஒலியைப் பற்றித்தான். ராத்திரி தொடக்கத்தில் சாதாரண ஊசியோடு ஆரம்பிப்பாராம் லெவன். கூட்டம் சேரச் சேர, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொண்டே போவாராம். விடியற்காலை எல்லாரும் உச்சத்தில் இருக்கும்போதுதான் இருப்பதிலேயே நல்ல ஊசி தட்டின் மேல் இறங்கும். ஆடுகிறவனுக்கு ஊசியும் தெரியாது, கார்ட்ரிட்ஜும் தெரியாது. ஏதோ கதவு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒலியமைப்பைக் கட்டியவர் ரிச்சர்டு லாங். அதில் இருந்த அடித்தொனிப் பெட்டிக்கு லெவன் ஹார்ன் என்றே பெயர். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வராமல் கூட்டம் காத்து நிற்க, ஏணி போட்டு ஏறி மேலே தொங்கும் கண்ணாடி உருண்டையைத் துடைப்பாராம் லெவன். துடைத்து முடித்த பிறகுதான் அடுத்த பாட்டு.

இதைக் கேட்டபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அப்பாதான் மைக்செட். மாரியம்மன் திருவிழாவில் கமிட்டிக்காரர்கள் கீழே நின்று கத்திக்கொண்டிருக்க, தென்னைமரத்தில் ஏறிக் குழாயைக் காற்றுக்கேற்ப அரை அங்குலம் திருப்பிவிட்டு இறங்குவார், மறுபடி ஏறுவார். சரியாக அமைந்தால்தான் முதல் அம்மன் பாட்டு. "பாட்டுப் போடுறவனுக்கு என்ன இவ்வளவு திமிரு" என்று ஊர் பேசும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கப்பா மரத்திலிருந்து இறங்கிட்டாரா?" என்றுதான் கேட்பார்.

டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஹவுஸ் என்ற நடன இசைக்கு அந்தப் பெயர் வந்ததே சிகாகோவில் இருந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பால். அங்கே பாட்டுப் போட முதலில் கூப்பிட்டது லெவனைத்தான். நியூயார்க்கை விட்டு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட, 1977-ல் அவருடைய நண்பர் ஃப்ராங்கி நக்கிள்ஸ் போனார். லெவன் போயிருந்தால், நக்கிள்ஸ் போகாமல் இருந்திருந்தால் என்று மணிக்கணக்காகப் பேசுவார் பெரியவர். எனக்குத் தூக்கம் வரும்.

லெவனின் பிற்பகுதியையும் அவர்தான் சொன்னார். கராஜ் மூடியது 1987 செப்டம்பரில். ரிச்சர்டு லாங் அதற்கு முன்பே எய்ட்ஸில் போய்விட்டார். கிளப்பின் சொந்தக்காரர் மைக்கேல் பிராடியும் அந்த வருஷக் கடைசியில் அதே நோயில் போனார். லெவனுக்கு வீடு, கோவில், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கட்டடம்தான். அது போன பிறகு ஹெராயின் மட்டும் மிச்சம். 1991-ல் லண்டனில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்டு என்ற கிளப் திறந்தபோது கூப்பிட்டார்கள். ஒரு வாரக்கடைசிக்குப் போனவர் மூன்று மாதம் தங்கி அவர்களுடைய ஒலியைச் சரிசெய்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் ஜப்பான் சுற்றுப்பயணம். திரும்பிய கொஞ்ச நாளில் இதயம் நின்றுவிட்டது.

பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்வது வேறொன்று. போதைக்குக் காசில்லாமல் லெவன் தன் இசைத்தட்டுகளையே விற்பாராம். நண்பர்கள் அதை வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுப்பார்களாம். அவர் மறுபடி விற்பார், இவர்கள் மறுபடி வாங்குவார்கள்.

எனக்கு இந்தக் கதை தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அப்படி இருக்க, "திருப்பிக் குடுப்பியா" என்று அவர் கேட்டதற்கு என்ன அர்த்தம்? நான் அந்த நண்பர்களில் ஒருவனாக இருப்பேனா என்று கேட்டாரா? நான்தான் ஜோக் என்று நினைத்தேனா? இல்லை, அவரும் ஜோக்காகத்தான் கேட்டாரா? நாலு மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த பிறகு, யாருக்குத்தான் இதெல்லாம் உறைக்கும்?

திங்கட்கிழமை எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "நல்லவேளை நூறைக் குறைச்சே. அந்த ஆளுக்கு அது நூறு டாலர் விஷம்" என்றார். அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கருமித்தனத்தை ஜீவகாருண்யமாக மாற்றித் தருகிற வாக்கியம் எளிதில் கிடைப்பதில்லை. ரொம்ப மாதம் அதை வைத்தே ஓட்டினேன்.

ஆனால் பெரியவருக்குப் பழக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. எண்பதுகளின் கடைசியில் நியூ ஜெர்சியில் சனிக்கிழமை ராத்திரிகள், அப்புறம் இரண்டு தடவை ஜப்பான், கல்யாணம், விவாகரத்து, பகலில் பார்சல் போடும் வேலை. இவை அவரே சொன்னவை. "சிகிச்சை மையத்துல இருந்தப்போ" என்று ஒரே ஒரு தடவை பேச்சுவாக்கில் வந்தது. எதற்கான சிகிச்சை, எந்த வருஷம், ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். நவம்பர் மாசம், கதவு திறந்திருந்தது, எனக்கும்தான் நடுங்கியது.

இன்னொன்று. அது சாண்டி புயல் அடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். முந்தின நாள்தான், வண்டி எண்ணைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல் போடும் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை வந்திருந்தது. அன்று எங்கள் வேன் இரட்டை எண் என்பதால் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்த நாட்களில் நியூயார்க்கில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" அதை அவரிடம் கேட்டேனா? கேட்டிருப்பேன். எல்லாரிடமும் கேட்டேன், அவரிடம் மட்டும் கேட்காமலா இருந்திருப்பேன்? ஆனால் அவர் சொன்ன பதில் ஞாபகத்தில் இல்லை. அவர் பேசிய மற்றதெல்லாம், தேய்ந்துபோன ஊசி உட்பட, அப்படியே இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் அந்த பாரில் மறுபடி வேலை. பெரியவர் எங்கே என்று கேட்டதற்கு, ஊற்றிக் கொடுக்கிற பெண் சொன்னாள். அவர் ரெட் ஹூக்கில் ஒரு அடித்தள அறையில் இருந்தார், புயலில் தண்ணீர் கூரைவரை வந்துவிட்டது, கொஞ்ச நாள் நண்பர்கள் வீட்டு சோஃபாவில் படுத்திருந்தார், அப்புறம் தெற்கே அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். 2014 கோடையில் அவளேதான் இன்னொன்றும் சொன்னாள். சர்க்கரை முற்றிக் காலை எடுத்தார்களாம், அப்புறம் தேறவில்லை. அந்த மார்ச்சில்தான் சிகாகோவில் நக்கிள்ஸ் இறந்திருந்தார். அவருக்கும் சர்க்கரை, ஒரு பாதம் போன பிறகும் பாட்டுப் போட்டவர். சேதி கேட்டதும் என் மனசு முதலில் போய் நின்ற இடம் அது. பாருங்கள், மறுபடியும் ஒரு பிரபலத்தின் வாழ்க்கையை எடுத்து இவர் மேல் போர்த்திவிட்டேன்.

அப்படியானால் முந்நூறு எதற்கு? வாடகை முன்பணமா, இன்சுலினா, பஸ் டிக்கெட்டா? போதைக்குத்தானா? போதைக்கென்றால் நான் செய்தது சரி, வாடகைக்கென்றால் தப்பு என்று எப்படிக் கணக்குப் போடுவது? கொடுத்த அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுபது தட்டு முந்நூறுக்கு என்றால் கொள்ளை மலிவு.

திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஒரு தட்டைக்கூட நான் விற்கவில்லை, அது உண்மை. அக்காவின் முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை, அதுவும் உண்மை.

அவர் இறந்த சேதி தெரிந்த பிறகுதான் கிரேட்டை முழுதாகப் பிரித்துப் பார்த்தேன். கிழிந்த உறைகளில் டேப் ஒட்டியிருந்தது. லேபிளில் பென்சிலால் வேகத்தை, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை தாளம் என்பதை, எழுதியிருந்தார், 118, 120, 122. எங்கே தாளம் மட்டும் தனியாக வருகிறதோ அங்கே கை வைக்க, லேபிள் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர். எல்லா உறையிலும் வலது மேல் மூலையில் "2" என்று இருந்தது. முதலில் பெட்டி எண் என்று நினைத்தேன். பாதி பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்தக் காலத்து ஆட்கள் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு தட்டு வைத்திருப்பார்கள். தாளம் வரும் இடத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே போக இரண்டு வேண்டும். என்னிடம் இருப்பது முழுக்க இரண்டாவது தட்டு.

முதல் தட்டுகள் அந்த அறையில் தண்ணீரோடு போயிருக்கலாம். அதற்கு முன்பே வேறு யாரிடமோ விற்றிருக்கலாம். அல்லது முதலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கலாம், திரும்ப வாங்கும்வரை ஒன்று போதும் என்று. மூன்றாவதை நம்பத்தான் ஆசை. ஆசைப்படுவதாலேயே அதன் மேல் சந்தேகமும் வருகிறது.

போன மாசம் அதில் ஒரு பாட்டு இணையத்தில் விற்பனைக்கு வந்தது. படத்தில் உறையின் வலது மேல் மூலையில் பென்சில் மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். "1" ஆகவும் இருக்கலாம், கீறலாகவும் இருக்கலாம். விலை நூற்றுப் பத்து டாலர். பக்கத்திலேயே, உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்று ஒரு பொத்தான். கை தானாக அதை அழுத்தி, தொண்ணூறு என்று அடித்து அனுப்பிவிட்டது.

விற்பவர் இன்னும் பதில் போடவில்லை.