கையை எடுக்காம இருந்த அரைமணி நேரம்

ஆகஸ்ட் 12, 2024, திங்கள், பெகு (பர்மா)

காலைல நாலரைக்கு பால் கேனை பைக்ல கட்டிக்கிட்டு கிளம்பினேன். மழை விட்டு தூறல், கரண்ட் இல்ல, வயக்காட்டு ரோடு பூரா கும்மிருட்டு. பாலம் தாண்டினதும் ஒரு பைக் கவுந்து கிடக்கு, பக்கத்துல 20 வயசு பர்மாக்கார பையன் கெண்டைக்கால பிடிச்சுக்கிட்டு "ஊலே, ஊலே"ன்னு (மாமா, மாமான்னு) கூப்பிடுறான். முன்னால போன தோலாஜில, அதான் உழவு இன்ஜின் மாட்டின சரக்கு வண்டியில, தகரம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்திருக்கு, பின்னாடி லைட்டும் கிடையாது, ஒதுங்கி முந்தப் போனவன் கால கிழிச்சிருச்சு, அந்த இன்ஜின் சத்தத்துல ஓட்டினவனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

உள்ளதச் சொல்றேன், கொஞ்ச நேரம் நான் வண்டிய விட்டு இறங்கவே இல்ல. அடிபட்டவன தொட்டா போலீசு கேசுன்னு சின்னதுல இருந்து கேட்டு வளர்ந்த பயம். ஹெட்லைட் வெளிச்சத்துல ரோட்டுத் தண்ணி செவப்பா ஓடுறதப் பாத்தப்புறம்தான் இறங்கினேன்.

பால் வடிகட்டுற துணி துவைச்சது பையில இருந்துச்சு. நாலா மடிச்சு வெட்டு மேல வச்சு, முழங்கைய மடக்காம ரெண்டு உள்ளங்கையாலயும் உடம்பு பாரத்த குடுத்து அமுக்கினேன். அது நனைஞ்சு வந்துச்சு, எடுக்கல, அது மேலயே மாத்து லுங்கிய வச்சு மறுபடி அமுக்கினேன். எடுத்து எடுத்து பாத்தா உறையிற ரத்தம் பிச்சுக்கிட்டு வந்துரும்னு ஸ்கூல்ல செஞ்சிலுவை வகுப்புல சொன்னது அப்ப எங்கிருந்து ஞாபகம் வந்துச்சோ.

போன்ல சிக்னல் இல்ல, கரண்ட் போனா டவரும் போயிருது. ஊருக்குள்ள ஓடி ஆளக் கூட்டிட்டு வந்துரலாமான்னு மனசு அடிச்சுக்குது, ஆனா கைய எடுத்தா ரத்தம் போகும். பெரிய ஆளு உடம்புல மொத்தமே 5 லிட்டர்தான், அதுல ஒரு லிட்டர் போனாலே ஆபத்துன்னா நான் எப்படி எந்திரிக்கிறது? கத்திக் கத்தி தொண்டை கட்டிருச்சு. அவன் "யே, யே"ன்னு தண்ணி கேட்டான், ஆப்பரேஷன் பண்ற மாதிரி ஆகலாம்னு குடுக்கல, உதட்ட மட்டும் நனைச்சேன், அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. என் மழை கோட்ட போத்திவிட்டு கால் விரல ஆட்டச் சொன்னேன், ஆட்டினான். தூங்கிரக் கூடாதேன்னு அம்மா பேரு என்ன, தம்பி எத்தனைன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

விடியுற நேரத்துக்கு பிச்சைக்கு வந்த பொங்கிங்க (புத்த சாமியாருங்க) பாத்துட்டாங்க. ஒரு சின்ன சாமியார் ஊருக்குள்ள ஓடினாரு, ஆபத்துக்கு உதவுற பரஹித சங்கத்து வண்டி வந்துச்சு. அவங்க கட்டு போட்டு முடிக்கிற வரைக்கும் நான் கைய எடுக்கல, எடுத்தப்ப விரல விரிக்க முடியல.

ஆகஸ்ட் 13

பால் ஊத்தின வீட்டுல எல்லாம் இதே பேச்சு. பக்கத்து வீட்டு அத்தை காப்பித்தூள அப்பியிருந்தா நின்னிருக்கும்ங்கிறாங்க. வேணாம் அத்தைன்னு பொறுமையா சொன்னேன், அழுக்கு உள்ள போகும், டாக்டரு அதயும் கழுவி எடுக்கணும்.

கேன் கட்டுற கயிறால தொடைய இறுக்கிரலாமான்னு நேத்து எனக்கே தோணுச்சு. நம்ம தெரு நர்ஸம்மாகிட்ட கேட்டேன், நல்லவேளை செய்யலன்னாங்க, மெல்லிசு கயிறு சதைய அறுத்துருமாம். அமுக்கியும் நிக்காம கொட்டினாதான் அந்த வேலை, அதுவும் அகலத் துணியா, காயத்துக்கு நாலு விரல் மேல, மூட்டுல படாம கட்டி, ஒரு குச்சிய சொருகி ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும், கட்டின நேரத்த எழுதி வைக்கணும், ஆஸ்பத்திரி போற வரைக்கும் நடுவுல தளத்தக் கூடாது. அவங்க தலகாணி வச்சு ரெண்டு தடவ கட்டிக் காட்டினாங்க, நானும் கட்டிப் பாத்தேன்.

ஆகஸ்ட் 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். 19 தையலாம், கால் தப்பிச்சிருச்சு. போலீசு ஒரே ஒருவாட்டி பேரு கேட்டு எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான், இதுக்கா அன்னிக்கு வண்டி மேலயே உக்காந்திருந்தேன்னு நெஞ்சு உறுத்துது.

அவங்க அம்மா என் லுங்கிய துவைச்சு மடிச்சு ஒரு சீப்பு வாழப்பழத்தோட குடுத்தாங்க. கறை போகல. வீட்டுக்காரி புதுசு வாங்கிக்கலாங்கன்னா, இது கிடக்கட்டும்னு பைக் பெட்டியில வச்சிருக்கேன், கூட ரெண்டு சுத்தமான துணி, கத்திரிக்கோல், டார்ச், ஒரு விசிலு. அன்னிக்கு அந்த விசிலு இருந்திருந்தா பொங்கிங்க இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருப்பாங்க.