பார்க்கின்சன் நடையை வீட்டில் வைத்தே சென்சாரால் அளப்பது

மருத்துவமனையின் அகன்ற தாழ்வாரத்தில் தடையில்லாமல் நடந்து காட்டும் பார்க்கின்சன் நோயுள்ள பெரியவர், வீடு திரும்பியதும் ரேழி நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பார். பிறர் பார்க்கிறார்கள் என்றதும் அவர் கவனமெல்லாம் காலுக்குப் போகிறது. அந்தக் கவனமே சற்று நேரம் நடையைத் திருத்திவிடுகிறது. அதனால்தான் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் அவர்கள் புழங்கும் இடத்திலேயே அளக்கிறோம்.

அசைவைப் பதியும் சென்சார் மூன்று போதும். இரு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கம் ஒவ்வொன்று, இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் அடியில் ஒன்று. கைவீச்சும் தெரிய வேண்டுமானால் மணிக்கட்டுகளிலும் கட்டலாம். நொடிக்கு 100 பதிவு தாராளம். ஷூவில் மாட்டும் கிளிப் இங்கே உதவாது, வீட்டுக்குள் எல்லோரும் வெறுங்கால்தான். கொலுசைக் கழற்றிவிட வேண்டும். அது சென்சாரில் தட்டினால் குதிகால் தரையில் படும் அதிர்வு போலவே பதிவாகும். இடுப்புப் பட்டையை வேட்டி மடிப்பின் மேல் கட்டினால் நழுவும், பனியன் மேல் இறுக்கிக் கட்டி அதற்கு மேல் வேட்டியை உடுத்தச் சொல்லுங்கள். இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பிக்கு அருகில் சென்சாருக்குள் திசைகாட்டிபோல் இயங்கும் காந்தமானி திசையைத் தவறாகக் காட்டும். சில நிமிடச் சோதனைக்கு, சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பை மட்டும் நம்பலாம்.

பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையைக் கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று குறிக்காத அளவீடு வீண். பருப்பும் பாலும் முட்டையும் நிறைந்த சாப்பாட்டோடு போட்ட மாத்திரை தாமதமாக வேலை செய்யலாம். மருந்தில்லா நிலையை, முந்தைய இரவு மாத்திரைக்குப் பின் சுமார் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் அளப்பது வழக்கம். நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

முதலில் 10 நொடி அசையாமல் நிற்க வேண்டும். ஜைரோஸ்கோப்பின் பிழையைக் கழிக்க அது தேவை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். உறைதல், அதாவது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது, நேர்நடையில் அரிதாகவே சிக்கும். நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக முழுச்சுற்றுச் சுற்றச் சொன்னால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அப்போதும் வரவில்லையென்றால் 100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நிலைப்படியைத் தாண்டச் சொல்லுங்கள். ஒருவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வரவேண்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பது ஆபத்து.

உறையும்போது பெரும்பாலும் கால் நடுங்கும். 3 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3 முதல் 8 முறை) வரையான அசைவின் ஆற்றலை 0.5 முதல் 3 ஹெர்ட்ஸ் வரையான நடை அசைவின் ஆற்றலால் வகுத்தால் வரும் எண் அப்போது உயரும். இந்த எண்ணைக் கண்ணை மூடி ஏற்க வேண்டாம். ஓய்வு நடுக்கம் 4 முதல் 6 ஹெர்ட்ஸ், அதுவும் இதே வரம்பில் விழுந்து உறைதலாகத் தோன்றும். நடுக்கமே இல்லாமல் சிலைபோல் நின்றுவிடும் உறைதலோ தப்பிவிடும். பாதத்தைத் தேய்த்து நடப்பவர்களின் அடிகளை மென்பொருள் விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே குடும்பத்தார் சம்மதத்துடன் கால்கள் தெரிய வீடியோ எடுங்கள். தொடங்குமுன் கேமரா முன்னால் ஒவ்வொரு சென்சாரையும் மூன்று முறை தட்டினால், படத்தையும் பதிவையும் பின்னால் பொருத்திவிடலாம்.

மருத்துவரிடம் தரும் தாளில், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் உறைதல் வந்ததா என்பதைத் தனியாக எழுதுங்கள். மருந்தில்லா நேரத்து உறைதல் பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும். மருந்து உச்சத்தில் வருவது மாத்திரையின் அளவைக் கூட்டினால் மோசமாகவும் கூடும்.