மாமாவோடு பார்த்த பத்மநாபபுரம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வீடுகளின் தலை மாறிவிடும் என்று என் மாமா அடிக்கடி சொல்வார். காற்றாலைகள் நிற்கும் வறண்ட வெளி முடிந்து தென்னையும் வாழையும் தொடங்கும் இடத்தில், நம் நெல்லைப் பக்கத்து மட்டப்பா (தட்டைக் கூரை) வீடுகள் குறைந்து, சரிந்த ஓட்டுக் கூரைகள் தென்படத் தொடங்கும் என்பது அவர் கணக்கு. இன்று இரு புறமும் கான்கிரீட்தான் என்றாலும், அந்தப் பழைய கணக்கின் பொருளைப் பத்மநாபபுரம் அரண்மனையில் அவரோடு நடந்தபோதுதான் புரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டு மரவேலை செய்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் உளியைக் கடைசியாகப் பிடித்த கை அவருடையது.

தக்கலையை ஒட்டி, கருங்கல் கோட்டைக்குள் இருக்கும் இந்த அரண்மனை, 1601 வாக்கில் வேணாட்டு மன்னர் இரவி வர்ம குலசேகரப் பெருமாளால் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் அதை விரிவாக்கிக் கட்டினார். அந்த நூற்றாண்டின் இறுதியில், அதுவரை இங்கே இருந்த திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956இல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நீடிக்கிறது. வளாகத்தில் தனி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் அங்கே முறையாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைக் கால் மணி நேரத்தில் கடந்துவிட்டோம். கட்டடமே காட்சிப்பொருளாக நிற்கும் இடத்தில் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் கண் நிலைக்கவில்லை.

முன்முகப்பான பூமுகத்தின் விதானத்தில் 90 மலர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரைவீரன் விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்திலேயே நிற்கும்படி அதன் சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். எல்லோரும் மலர்களை எண்ணிக்கொண்டிருக்க, மாமாவோ கூரையின் சாய்வான கைமரங்கள் குறுக்கே கிடக்கும் உத்தரத்தில் வந்து அமரும் இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பூவை யாரும் செதுக்கிரலாம்டே, கழுந்து தொளையில இறங்கியிருக்கத பாரு, ஒரு தாள் உள்ள போகாது" என்றார். கழுந்து என்றால் தொளைக்குள் இறங்கும்படி செதுக்கிய மரமுனை.

அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில், ஒரே பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று இருக்கிறது. நெல்லைக்கு அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலின் கல்தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே நுணுக்கத்தை மரத்தில் பார்ப்பது முதலில் ஐயத்தைத்தான் தருகிறது. இத்தனை மழை பெய்யும் ஊரில் மரம் எப்படி இவ்வளவு காலம் நின்றது? செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை தண்ணீரைத் தேங்கவிடாது; சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் தாழ்வாரம் சாரலைத் தடுத்துவிடும்; மரச்சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த கிராதிச் சன்னல்கள் வழியே காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் ஈரம் தங்காது. மழை குறைந்த நம் சமவெளியில் மட்டப்பாவே போதுமாக இருந்தது. மாமா சொன்ன ‘வீட்டின் தலை’ இதுதான்.

தரையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கூட்டி இழைத்த கருந்தரை நவராத்திரி மண்டபத்தில் முகம் தெரியும்படி பளபளக்கிறது. காலணியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பதால், பங்குனி வெயிலிலும் அந்தத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையைச் சுற்றிவந்தபோது, சமைத்தவர்களின் பாடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையின் மேல்நிலை பத்மநாபருக்கு உரியது. அதன் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை. கூட்டத்தின் மூச்சும் வியர்வையும் பழைய வண்ணங்களுக்கு ஆகாது என்பதால் அது நியாயமாகவே பட்டது. மரமும் ஓவியமும் இப்படி ஒன்றாக வாழும் இடம் நமக்கு வெகு அருகிலும் உண்டு: திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளின் உட்புறம். திரும்பும் வழியில் மாமா அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் போக வேண்டுமாம். கோபுரத்துக்குள் ஏற அனுமதி கிடைக்குமா என்று விசாரித்து வைக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது.