தீர்த்தன் ஆற்றில் தூண்டில்: அவசரப்படாத கைக்குத்தான் ட்ரவுட்

இமாச்சலின் தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த டாக்சிக் கொள்ளையைச் சொல்லியாக வேண்டும். டெல்லி-மணாலி பஸ்ஸில் வந்து, ஔட் சுரங்கப்பாதை அருகே விடிவதற்கு முன் இறங்கினால், ஆளைப் பார்த்ததுமே ரேட் ஏறிவிடுகிறது. ஆற்றங்கரைக் கிராமமான குஷைனி அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்கு மூவாயிரம் கேட்டார் ஒருவர். தூண்டில் பையைப் பார்த்துவிட்டு மேலே ஐந்நூறு! டீக்கடையில் உட்காருங்கள், வெளிச்சம் வரட்டும். பஞ்சாருக்கு லோக்கல் பஸ் வரும், அங்கிருந்து குஷைனிக்கு இன்னொன்று. மிச்சமாகும் காசில் ஒரு நாள் மீன்பிடி கைடு வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் செலவு தகும். நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் கொக்கியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது, கனமெல்லாம் லைன் என்கிற தடித்த நூலில். பின்பக்கம் போகும் லைன் முழுசாக நீண்டால்தான் தூண்டில் கோல் வளையும். அந்த வளைவுதான் முன்னால் வீசுகிறது, நம் கைபலம் அல்ல.

எங்கள் கைடு பாதி நேரம் "ருக்கியே, ருக்கியே" (பொறுங்கள், பொறுங்கள்) என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கோலைக் கடிகார முள்ளாக வைத்துக்கொண்டால், பத்து மணியிலிருந்து வேகம் கூட்டித் தூக்கி, ஒரு மணியில் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் லைன் ஒரு வளையமாகப் பின்னால் பிரியும். தலையைத் திருப்பிப் பாருங்கள். அது கிட்டத்தட்ட நேராகும் கணத்தில் முன்னால் தள்ளி, பத்து மணியில் மறுபடி நிறுத்துங்கள். முந்தினால் 'சடக்' என்று சத்தம், பூச்சி அறுந்துபோகும். பிந்தினால் லைன் தொய்ந்து பின்னாலிருக்கும் பாறையில் சிக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பயனில்லை; லைன் நீள நீளக் காத்திருப்பும் நீளும்.

தீர்த்தனில் பல இடங்களில் முதுகுக்குப் பின்னாலேயே மரம். அங்கே லைனைப் பின்னால் வீசாமலே எறியும் ரோல் காஸ்ட்தான். கோலை மெதுவாகக் காதருகே கொண்டுவந்து நிறுத்தினால், லைன் தோளுக்குப் பின்னால் தொங்கும், நுனி மட்டும் தண்ணீரைப் பிடித்திருக்கும். அதிலிருந்து ஒரே தள்ளு. ஐந்தாறு மீட்டர் போனால் போதும், பிரவுன் ட்ரவுட் பக்கத்துப் பாறை மறைவில்தான் நிற்கிறது. முப்பது மீட்டர் வீசிக் காட்டும் வீடியோக்கள் இந்த ஆற்றுக்கு உதவாது. லைன் நாலு நீரோட்டத்தின் குறுக்கே விழுந்தால் பூச்சியை இழுத்துவிடும், மீன் ஏமாறாது.

விடியற்காலையிலேயே ஆற்றுக்குப் போய்விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்குமேல் தண்ணீர் பெருகிக் கலங்கும். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். வெளிறிய வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், என்ன அழகு! அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த ஊர்ப் பலகாரம் சித்து! ஆவியில் வெந்த கோதுமை மாவுக்குள் அக்ரூட் பூரணம், மேலே நெய். இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுச் செலவே மிச்சம்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழைத் தண்ணீர், போக வேண்டாம்.