கூரைக்குள் ஒரு சூரியன்

ஒளியைக் கொண்டு இயற்கையை உருவாக்கிக் காட்டும் கலைப்படைப்புகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், 2003ஆம் ஆண்டில் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் அமைத்த செயற்கைச் சூரியனே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நான் அதைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். முன்பு மின்நிலையமாக இருந்த அக்கட்டடத்தின் டர்பைன் கூடத்தில், மஞ்சள் ஒளியை மட்டுமே உமிழும் ஏறத்தாழ 200 விளக்குகளை அரைவட்டத் திரையொன்றின் பின்னால் பொருத்தி, கூரையில் கண்ணாடி பதித்து, மெல்லிய மூடுபனியையும் அவர் பரவவிட்டார். அரைவட்டம் கண்ணாடியில் பிரதிபலித்து முழுச் சூரியனானது.

அவ்வொளியில் மஞ்சளும் கருமையும் தவிர வேறு நிறங்கள் புலப்படாததால், உடைகளின் வண்ண வேறுபாடுகள்கூட மறைந்துபோயின. அங்கே கூடிய, முன்பின் அறியாதவர்களை ஒருவரோடொருவர் நெருங்கவைத்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. பார்வையாளர்கள் தரையில் மல்லாந்து படுத்து, மேலே சிறு புள்ளிகளாகத் தெரிந்த தம் பிம்பங்களைத் தேடிக் கையசைத்தார்கள். சிலர் கூட்டாகப் படுத்து உடல்களாலேயே வடிவங்களையும் சொற்களையும் அமைத்தார்கள்.

இத்தனைக்கும், அங்கே எந்த மாயமும் ஒளித்துவைக்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் நடந்துசென்று விளக்குகளையும் கம்பிகளையும் எவராலும் பார்க்க முடிந்தது. அந்த வெளிப்படைத்தன்மைதான், வெறும் கண்கவர் அலங்காரமாகவே நின்றுவிடும் பல ஒளிக்காட்சிகளிலிருந்து இதை எனக்கு வேறுபடுத்திக் காட்டுகிறது.